செருப்புக்குள் கட்டைவிரல்

பட்டுக்கடைக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்தை வைத்தே, அவர்கள் வாங்க வந்தவர்களா, வெயிலுக்கு ஒதுங்கியவர்களா என்று கிறிஸ்டோபர் சொல்லிவிடுவான். ஜோடியாகச் சுவரோரம் வைத்தால் ஒரு மணி நேரம் உட்காருவார்கள், ஒன்றும் வாங்கமாட்டார்கள். ஒன்றை வடக்கே, ஒன்றைத் தெற்கே உதறிவிட்டு ஓடிவந்தால் கல்யாணம் நெருங்கிவிட்டது, இன்றைக்கு வாங்கியே தீரவேண்டும். கழற்றும்போதே வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கிறார்களே, அவர்கள்தான் ஆபத்து. எழுந்து போவதற்கு வசதி செய்துகொண்டு உட்கார வருகிறவர்கள். காந்தி ரோட்டில் பதினோரு வருஷம் பாயில் உட்கார்ந்து புடவை விரித்தவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

அவன் மனைவி எஸ்தர் இதை எழுதி டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள்.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நம் கடற்கரையில் துணி வாங்க ஆள் வைத்திருந்தது. அந்த ஆட்கள் வாராவாரம் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். முதல் பத்தியில் வெயில், இரண்டாவது பத்தியில் பேதி, மூன்றாவது பத்தியிலிருந்து கடைசிவரை உள்ளூர்த் தரகர்களைப் பற்றிய புலம்பல். அதில் ஒரே ஒரு பக்கத்தின் நகல் எஸ்தரிடம் இருந்தது: “இன்று தரகர் நான்கு முறை எழுந்து போனார். மூன்று முறை நான் கூப்பிடவில்லை. நான்காவது முறை செருப்பையும் போட்டுக்கொண்டார். கூப்பிட்டுவிட்டேன். கடவுள் என்னை மன்னிப்பாராக.”

இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஏழு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவள், ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் கணவனிடம் கேட்டாள். அவன் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: “செருப்பு போடாம எழுந்தா அது டிராமா. கட்டைவெரலு செருப்புக்குள்ள போச்சின்னா அது நெசம். அந்த நேரத்துல ‘அம்மா, வாங்க, சும்மா கேளுங்க’ன்னு கூப்புடணும். முன்னாடி கூப்ட்டா நம்ம கெட்டோம். பின்னாடி கூப்ட்டா அவங்க ஆட்டோவுல ஏறிடுவாங்க.”

ஆராய்ச்சியே திறந்துகொண்டது. நன்றிக்கடனாக, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவனை வைத்தாள். ‘அடிக்குறிப்பு 14: கி., பட்டு விற்பனையாளர், காஞ்சிபுரம், நேர்ப்பேச்சு.’ அன்று முதல் அவன் நடையே மாறிவிட்டது. சர்ச்சில் புதிதாக யாரையாவது அறிமுகம் செய்தால், பெயருக்கு முன்னால் பக்க எண்ணைச் சொன்னான்.

மிச்சக் கடிதங்கள் எல்லாம் ஹோல்ஸ்வேல் என்கிற ஊரின் நூலகத்தில் பதினேழு பெட்டிகளில் கிடந்தன. வடகடல் ஓரத்தில் சின்ன ஊர். கிறிஸ்டோபர் அதை ‘ஹோல்சேல்’ என்றே சொல்லிவந்தான், மரியாதையாகத்தான். பெட்டிகளை யாரும் இணையத்தில் ஏற்றவில்லை. நேரில் போய்த்தான் பார்க்கவேண்டும். நேரில் போக ஒரே வழி, அந்த நூலகம் வருஷத்துக்கு ஒருவருக்குக் கொடுக்கும் மூன்று மாத ஃபெலோஷிப். போகவர விமான டிக்கெட், ஓர் அறை, சைக்கிள் சாவி, பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை.

இப்படிப்பட்ட குட்டி ஃபெலோஷிப்புகளுக்கு விண்ணப்பிப்பது தனி உத்தியோகம். ஏன் இந்த ஆராய்ச்சி, ஏன் எங்கள் நூலகம், ஏன் இப்போது, ஏன் நீ என்று நான்கு ‘ஏன்’ கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் முந்நூறு வார்த்தை. “ஒன்ன பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மாகூட இவ்ளோ கேக்கலமா,” என்றான் கிறிஸ்டோபர். ஏற்கெனவே நான்கு வெவ்வேறு ஊர்களிலிருந்து எஸ்தருக்குப் பதில் வந்திருந்தது. ‘உங்கள் விண்ணப்பம் மிகச் சிறந்த தரத்தில் இருந்தது. எனினும்’ என்று ஆரம்பிக்கும் பதில். அதைப் படித்துப்பார்த்து அவன் கடைப்பாஷையில் மொழிபெயர்த்தான்: “கலரு சூப்பரு, பார்டரு சூப்பரு, அப்பறமா வரோம்.”

இப்போது ஐந்தாவது. இதுதான் கடைசியும். பட்டம் வாங்கி ஐந்து வருஷம் தாண்டியவர்களை ஹோல்ஸ்வேலில் சேர்ப்பதில்லை. எஸ்தருக்கு ஐந்து வருஷம் மார்ச்சோடு முடிகிறது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டிகள் இருக்கும், எஸ்தர் இருப்பாள், நடுவில் யாரும் பாலம் போடமாட்டார்கள். கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராக ‘இந்தியாவில் ரயில் பாதைகள்’ பாடத்தை வருஷத்துக்கு நான்கு பிரிவுகளுக்கு நடத்திக்கொண்டே ஓய்வுபெறலாம்.

இருபத்தாறு பேர் விண்ணப்பித்ததில், நான்கு பேரை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எஸ்தர் நான்காவது. வெள்ளிக்கிழமை, நம் நேரம் மதியம் இரண்டரை.

தை மாத முகூர்த்தக் கூட்டத்தில் கிறிஸ்டோபர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தது முதலாளிக்கு மாரடைப்பு வரவேண்டிய விஷயம். “வேலையப் பாருப்பா, நா பேசிக்கிறேன்,” என்று எஸ்தர் எவ்வளவோ சொன்னாள். கேட்கவில்லை. ஐயம்பேட்டையில் அவர்கள் இருந்த மாடிப் போர்ஷனில், மடிக்கணினியின் கேமரா எட்டாத இடமாகப் பார்த்து, மேஜையின் பக்கவாட்டில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். கடையில் உட்காருகிற அதே உட்கார்வு.

“நீ வாயத் தொறக்கக் கூடாது.”

“தொறக்கமாட்டேன்.”

“இருமக் கூடாது.”

“எஸ்தரு, நா அடிக்குறிப்பு. அடியில கம்முனு இருப்பேன்.”

திரையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவில் தலைவர், பேராசிரியர் மார்க்ரீத். வெள்ளை முடி, சிவப்புக் கண்ணாடி, சிரிக்காத வாய், சிரிக்கிற கண். வலப்பக்கம் இருந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இடப்பக்கம் இருந்தவர் கேமராவில் பாதிதான் விழுந்தார். வெகுநேரம்வரை அவருடைய இன்னொரு காதை யாரும் பார்க்கவில்லை.

முதல் இருபது நிமிஷம் பட்டில் ஊசி போன மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. தரகரின் எழுந்துபோதலைப் பற்றி எஸ்தர் சொன்னாள். செருப்பைப் பற்றிச் சொன்னாள். தலையாட்டுகிறவர் இரண்டு தரம் கூடுதலாக ஆட்டினார். பாதி மனிதர் குறிப்பு எழுதினார். பிறகு மார்க்ரீத் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “மூன்று மாதம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வருஷம் எங்களுக்குக் கொஞ்சம் நெருக்கடி. ஆறு வாரத்தில் முடிக்க முடியுமா?”

எஸ்தர் கணக்குப் போட்டாள். ஆறு வாரம். பதினேழு பெட்டி. முடியாது. ஆனால் ஆறு வாரமாவது கிடைக்கிறதே. சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். முகத்தில் சிரிப்பைக்கூடத் தயார் செய்துவிட்டாள்.

கிறிஸ்டோபருக்கு இங்கிலீஷ் அவ்வளவு போதாது. ஆனால் கடைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் புண்ணியத்தில் மூன்று விஷயம் நன்றாகப் புரியும்: நிறம், நம்பர், பேரம். பாதிக்குக் கேட்கிறார்கள் என்பது அவன் காதில் விழுந்தது. அதற்கு இவள் சிரிக்கிறாள் என்பது கண்ணில் விழுந்தது. முதல் விலைக்கே தலையாட்டப்போகிற வாடிக்கைக்காரியைப் பார்த்த கடைக்காரனுக்கு வரும் சந்தோஷம் அவனுக்கு வரவில்லை; அந்த வாடிக்கைக்காரி தன் வீட்டு ஆளாயிற்றே. கை தானாக எழுந்தது. மடிக்கணினியின் மூடியைப் பிடித்தது.

டப்.

ஹோல்ஸ்வேல் மறைந்துபோயிற்று. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

“இன்னா பண்ணிக்கினு இருக்க நீ!” எஸ்தர் நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினாள்.

“எழுந்து வந்துட்டோம்,” என்றான் அமைதியாக.

“யாரு எழுந்து வந்தது? நா உக்காந்துக்கினுதான இருக்கேன்! இது இன்டர்வியூபா! இது கட இல்ல!”

“பாதிக்குக் கேட்டாங்களா இல்லியா?”

“கேட்டாங்க.”

“அப்ப கடதான்.”

அவள் மூடியைத் திறக்கப் போனாள். அவன் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். “அஞ்சு நிமிஷம். எங்க கடையில பாயிலேர்ந்து வாசலு பதினோரு அடி. ஒம்பதாவது அடியில கூப்புடுவோம். வெள்ளக்காரங்களுக்குக் காலு நீளம், அதனால ஏழுல கூப்புடுவாங்க.”

ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஃபோன் அடிக்கவில்லை. எட்டு ஆயிற்று. மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டது, எஸ்தர் பாய்ந்தாள். கல்லூரியிலிருந்து, ரயில் பாதைத் தேர்வுத்தாள்களைத் திங்களுக்குள் திருத்தித் தரச் சொல்லி. அவள் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. ரயில் அவளைத் தேடிப் பிடித்துக்கொண்டுபோக வந்துவிட்டது.

“கைய எடு கிறிஸ்டோ,” என்றாள். அந்தக் குரலுக்கு எந்தப் பட்டுக்கடைக்காரனும் கையை எடுத்திருப்பான்.

திறந்து, மறுபடி இணைப்பை அழுத்தினாள். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி நின்றது: ‘தயவுசெய்து காத்திருக்கவும். கூட்டத்தை நடத்துபவர் உங்களை உள்ளே அனுமதிப்பார்.’

கிறிஸ்டோபர் எட்டிப்பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான். “போச்சி. வாசல்லயே நிக்க வச்சிட்டாங்க. நம்மளே திரும்பி வந்துட்டோம்னு தெரிஞ்சிபோச்சி. இனிமே மூணு வாரம்னுதான் சொல்லுவாங்க.”

அப்போதுதான் வாட்ஸாப்பில் பாச்சாவின் குரல் வந்து இறங்கியது.

பாச்சா சின்னக் காஞ்சிபுரத்துக்காரன். சென்னையில் எஸ்தரோடு ஒரே சமயத்தில் ஆராய்ச்சி செய்தவன். அவனுடையது சமஸ்கிருத தர்க்கம். வேலை என்று ஒன்று இதுவரை கிடைத்ததில்லை. ஆனால் ஆறு நாடுகளில் ஒன்பது நூலகங்களின் விருந்தினர் அறைகளில் மும்மூன்று மாதமாகத் தூங்கியிருக்கிறான். ஒரு ஃபெலோஷிப் முடியும். ஊருக்கு வந்து ஸ்வெட்டரை வெயிலில் போட்டு, ஊறுகாய் கட்டிக்கொண்டு அடுத்ததற்குக் கிளம்புவான். போன வருஷத்து ஹோல்ஸ்வேல் ஃபெலோஷிப் அவனுக்குத்தான். இப்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.

“எஸ்தர், என்ன காரியம் பண்ணிருக்கே!” குரலில் பதற்றத்தைவிடக் குதூகலம் அதிகம் இருந்தது. “இங்க ஒரே அமர்க்களம். நீ பாதியில எழுந்து போய்ட்டியாமே? மார்க்ரீத் மாமி என்னை வந்து இழுத்துண்டு போய்ட்டா. காஞ்சிபுரத்துக்காரன் நீதானே, இந்த மாதிரிப் போனா என்ன அர்த்தம்னு கேக்கறா. உன் ப்ரபோஸல்ல மூணாம் பக்கத்தை எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுண்டிருக்கா. செருப்பு போடறவரைக்கும் கூப்பிடப்படாதுன்னு நீயே எழுதியிருக்கியோன்னோ? அதனால கூப்பிடமாட்டாளாம். செருப்பு போட்டாளா இல்லையான்னு தெரிஞ்சாகணுமாம். மூணு பேரும் காப்பியை வெச்சுண்டு உக்காந்திருக்கா.”

எஸ்தரும் கிறிஸ்டோபரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தப்பு அங்கேதான் நடந்திருந்தது. கடையின் ரகசியத்தை எழுதி, அதைக் கடைக்காரனுக்கே இரண்டு பிரதி அனுப்பிவைத்திருக்கிறாள்.

“ஒன்ன யாரு எல்லாத்தையும் எழுதச் சொன்னது?” என்றான் கிறிஸ்டோபர்.

“நீதான சொன்ன! பேஜ் நம்பரு வாரியா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச!”

“சரி விடு. செருப்பு போடு. ஃபோட்டோ எடுத்து அந்தப் பாச்சாவுக்கு அனுப்பு.”

இது எஸ்தருக்கும் சரியாகப் பட்டது என்பதுதான் அந்த மதியத்தின் விசேஷம். ஐந்து வருஷம் படித்த படிப்பு, நான்கு ‘எனினும்’, இருபத்தாறு பேர் போட்டி எல்லாம் கடைசியில் ஒரு செருப்பில் வந்து நின்றன. மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள்.

கீழே வீட்டுக்காரம்மா ரேணுகாம்பாள் வெள்ளிக்கிழமைதோறும் ஆரி வேலை வகுப்பு நடத்துகிறவர். ரவிக்கைக்குக் கல்லும் மணியும் வைத்துத் தைக்கக் கற்க, இருபது பெண்கள் வருவார்கள். வாசலில் இருபது ஜோடி செருப்பு குவிந்து கிடக்கவேண்டும். ஒன்றும் இல்லை, வகுப்பு சற்று முன்புதான் முடிந்திருந்தது. எஸ்தருடைய செருப்பும் இல்லை. மூலையில் கிறிஸ்டோபரின் நீலநிறக் குளியலறை ரப்பர் செருப்பு மட்டும் மீந்திருந்தது. பத்தாம் நம்பர்.

“இன்னாம்மா தேடற?” ரேணுகாம்பாள் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தார். “ஒன் செருப்பா? திரிஷா மாத்திப் போட்டுக்கினு பூட்டா போல. ஷேர் ஆட்டோல ஏறிட்டாளே. திங்கக்கெழம வருவா.”

“திங்கக்கெழம எனக்கு வயசாயிடும்மா!” என்று சொல்லிவிட்டு, நீலச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மேலே ஓடினாள்.

ஃபோட்டோ எடுப்பதில் தம்பதிக்குள் கருத்து வேறுபாடு வந்தது. எஸ்தர் பாதத்தை முழுக்கச் செருப்பில் நுழைத்துவிட்டாள். “ஐயோ, வெளிய எடு, வெளிய எடு! முழுசாப் போட்டா போயிட்டன்னு அர்த்தம். கட்டைவெரலு மட்டும் போவணும். பாதி. இன்னும் கொஞ்சம். போதும். அப்படியே நில்லு. குதிகால தூக்கு.” தரையில் படுத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கல்யாண ஆல்பத்துக்கு எடுப்பதுபோல் அவன் எடுத்தான். செருப்பு படகு மாதிரி நீளமாக இருந்தது. அதன் மூக்கில் எஸ்தரின் கட்டைவிரல், கரையேறத் தயங்குகிற மீனைப்போல நின்றது.

பாச்சா பார்த்துவிட்டு உடனே ஃபோனில் வந்தான். “படம் பிரமாதம். காட்டிடறேன். ஆனா எஸ்தர், நடுவுல நின்னு பேசி முடிச்சுக் குடுக்கறவனுக்கு ஒரு பங்கு உண்டுன்னு நீயே நாலாம் பக்கத்துல எழுதியிருக்கே.”

எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ப்ரபோஸலை ஹோல்ஸ்வேலில் படிக்காத ஆள் ஒருவர்கூட இல்லை போலிருக்கிறது.

“இன்னா வேணும் சாருக்கு?” என்று ஃபோனைக் கிறிஸ்டோபர் வாங்கிக்கொண்டான்.

“எஸ்தர் வரச்சே மாகாளிக்கிழங்கு ஊறுகா. எங்காத்துல தருவா. மூணு பாட்டில்.”

“அது ஃபிளைட்டுல ஏறினா ஏர்ஹோஸ்டஸ்ஸு எறங்கிடுவாங்க சார். அந்த வாசன. ஒண்ணு.”

“ரெண்டரை.”

“அர பாட்டிலு இன்னா கணக்கு சார், எங்க கடையில அர முந்தானை வெட்டித் தருவமா? ஒண்ணு.”

“ரெண்டு. நான் இன்னும் படத்தைக் காட்டலை.”

“காட்டாட்டி இவ வரமாட்டா. வராட்டி ஊறுகா வராது. ஒண்ணு. கூட எங்க வூட்டு எள்ளுப்பொடி ஒரு பொட்டலம்.”

மறுமுனையில் தர்க்க சாஸ்திரம் சிறிது நேரம் யோசித்தது. “எள்ளுப்பொடில பூண்டு இருக்குமோ?”

“பூண்டு இல்லாம அரைச்சித் தரோம் சார்.”

“சரி,” என்றான் பாச்சா.

நாலே நிமிஷம். வெள்ளைத் திரை கலைந்தது. நீள மேஜை, மூன்று காப்பிக் கோப்பை, மூன்று பேர். மேஜை ஓரத்தில் வெள்ளை ஸ்வெட்டர் போட்ட பாச்சா, சுவாமிக்குப் பக்கத்தில் நிற்கிற பட்டர் மாதிரிக் கைகட்டி நின்றான். மார்க்ரீத் ஒரு காகிதத்தைப் பார்த்து, தமிழில், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத் தராசில் போட்டு எடுத்துவைப்பவர்போல் வாசித்தார்: “அம்-மா. வாங்-கோ. சும்-மா கே-ளுங்-கோ.”

கீழே உட்கார்ந்திருந்த கிறிஸ்டோபர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். பதினோரு வருஷத் தொழிலில், தன்னை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை.

“எட்டு வாரம்,” என்றார் மார்க்ரீத்.

கிறிஸ்டோபரின் கை மறுபடி மெதுவாக மேலே வந்தது. எஸ்தர் அதை மேஜைக்கடியில் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. அவளுக்கு இப்போது ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. எழுந்துபோவது எப்படி என்று அவனுக்குத் தெரியும். ஆனால் சரக்கு என்னவென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“பெட்டி பதினேழு,” என்றாள். “உங்கள் பட்டியலில் ஒவ்வொரு பெட்டிக்கும் தாள் எண்ணிக்கை போட்டிருக்கிறது, கூட்டிப்பார்த்தேன். கையெழுத்து மோசம், மை வெளிறியது. ஒரு பெட்டிக்கு மூன்றரை நாள். நூலகம் வாரத்துக்கு ஐந்து நாள் திறக்கும். பன்னிரண்டு வாரம் வருகிறது. அரை நாள் மிஞ்சும், அதில் உங்களுக்கு ஒரு சொற்பொழிவு நடத்துகிறேன். எட்டு வாரம் என்றால் பதினோராவது பெட்டியில் நிறுத்தவேண்டும். அந்தத் தரகர் அதற்கப்புறம் திரும்பி வந்தாரா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்பது வருஷமாக எனக்குத் தூக்கம் வராதது அதற்குத்தான்.”

பாதி மனிதர் எழுதுவதை நிறுத்தினார். தலையாட்டுகிறவர்கூட ஆட்டவில்லை.

“பத்து,” என்றார் மார்க்ரீத். கண்ணாடிக்குப் பின்னால் கண் மின்னியது.

எஸ்தர் காலைப் பார்த்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்றைப் போட்டால் இரண்டு காலும் ஆயிற்று, பேரம் முறிந்தது என்று பொருள். அதை அவர்கள் பார்க்கவேண்டும். குனிந்து இரண்டாவது செருப்பை எடுத்து, கேமராவுக்கு நேராக உயர்த்திக் காட்டினாள். பத்தாம் நம்பர் நீல ரப்பர், அடிப்பாகத்தில் தேய்ந்துபோன மூன்று கோடு, திரை முழுக்க.

காட்டிய பிறகுதான் தான் காட்டியது என்ன என்று அவளுக்கு உறைத்தது. ஒரு பேராசிரியரின் முகத்துக்கு நேராக, செருப்பை.

“செருப்பக் காட்டிட்டியேடி!” என்று கிறிஸ்டோபர் தரையிலிருந்து அலறினான். ஹோல்ஸ்வேலில் பாச்சாவின் முகம் ஸ்வெட்டர் நிறத்துக்கு வெளுத்தது. இந்த ஊர்க்காரர்கள் மூன்று பேருக்கும் உயிர் போய் வந்தது.

அந்த ஊர்க்காரர்கள் மூன்று பேரும் கைதட்டினார்கள். பாதி மனிதர் ஆர்வத்தில் முன்னால் சாய்ந்ததில் முதல்முறையாக முழுசாகத் தெரிந்தார். அவருக்கும் இரண்டு காதுதான்.

“பன்னிரண்டு,” என்றார் மார்க்ரீத், சிரிப்பை விழுங்கிக்கொண்டு. “இதற்குமேல் எங்களுக்குக் கட்டாது. மார்ச்சில் வந்து சேருங்கள். ஒரே ஒரு கேள்வி. முதலில் மூடியை மூடிய அந்தக் கை உங்களுடையது இல்லை. முழங்கை வரைக்கும் முடி இருந்தது.”

எஸ்தர் குனிந்து, கணவனைக் காலரைப் பிடித்து மேலே இழுத்துக் கேமராவில் காட்டினாள். “இதுதான் அடிக்குறிப்பு பதினாலு.”

கிறிஸ்டோபர் கைகூப்பினான். “பேஜ் டூ ஹண்ட்ரட் டுவெல்வ், மேடம்,” என்றான்.

நேர்காணலுக்கு வந்த மற்ற மூன்று பேரும் ஆறு வாரம் போதும் என்று உடனே சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்களாம். அவர்கள் பெயருக்கு எதிரே ‘பெட்டியை எண்ணவில்லை’ என்று மார்க்ரீத் எழுதிவைத்தாராம். இதை அன்று சாயங்காலமே பாச்சா சொன்னான்; தகவலுக்குத் தனியாக ஒரு பாட்டில் கேட்டு, கிடைக்காமல் வைத்துவிட்டான். தான் மூடாவிட்டால் அவளும் அந்தப் பட்டியலில்தான் இருந்திருப்பாள் என்று கிறிஸ்டோபர் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவனோடு ஒரே வீட்டில் குடியிருப்பது சிரமமாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து அழைப்புக் கடிதம் வந்தது. கூடவே ஒரு பட்டியல்: மழைக்கோட்டு, கம்பளிக் காலுறை, ஈரக் கல்லில் வழுக்காத மூடிய காலணி. எஸ்தரிடம் மூடிய காலணி என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரும் பெரிய காஞ்சிபுரத்துக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரேம்நாத் என்பவருடைய ஷூ கடை. பிரேம்நாத் முக்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யாரையும் வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

நான்கு ஜோடி போட்டுப் பார்த்து, ஐந்தாவது சரியாகப் பொருந்தியது. கருப்பு, கனத்த அடி, உள்ளே பஞ்சு. எஸ்தர் கண்ணாடி முன் நின்று இப்படியும் அப்படியும் திரும்பினாள். விலையைக் கேட்டாள். பிரேம்நாத் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

எஸ்தர் பாதிக்குக் கேட்டாள்.

“இல்லம்மா.”

கொஞ்சம் ஏற்றினாள்.

“இல்லம்மா.”

மூலையில் நின்ற கிறிஸ்டோபர் புருவத்தைத் தூக்கினான். அதற்கு என்ன பொருள் என்று முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கடிதங்களுக்கே தெரியும். எஸ்தர் கைப்பையைத் தோளில் மாட்டினாள். “வேணாம்பா. வேற கடையப் பாத்துக்கலாம்,” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தி வாசலை நோக்கி நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஹோல்ஸ்வேலையே திரும்பக் கூப்பிட வைத்தவளுக்கு ஒரு ஷூ கடை எம்மாத்திரம்? ஆறு, ஏழு. கூப்பிடவில்லை. எட்டு. ஒன்பது. படியில் இறங்கி, ரோட்டுக்கே வந்துவிட்டாள். உள்ளே பேப்பர் புரளும் சத்தம் கேட்டது.

பிறகு பிரேம்நாத் தலையைத் தூக்காமலேயே குரல் கொடுத்தார்.

“எம்மா, நீ போட்டுக்கினு போறது எங்கூட்டு ஷூவு. ஒன் செருப்பு இங்கதான் கெடக்குது.”

எஸ்தர் குனிந்து காலைப் பார்த்தாள். கருப்பு, கனத்த அடி, உள்ளே பஞ்சு. கடைக்குள் நடு ஹாலில், திரிஷா திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்த அவளுடைய செருப்பு, வாசலைப் பார்த்தபடி ஜோடியாக உட்கார்ந்திருந்தது.

கூப்பிடாமலே திரும்பி வந்து, சொன்ன விலையை எண்ணி வைத்தாள். பில்லை மடித்துக்கொண்டு வெளியே வந்ததும் பையிலிருந்து பேனாவை எடுத்து, அதன் முதுகில் எதையோ எழுத ஆரம்பித்தாள்.

“இன்னா எழுதற?” என்றான் கிறிஸ்டோபர் சந்தேகத்தோடு.

“‘காலணியே சரக்காக இருக்கும்போது எழுந்துபோதல் செல்லாது.’ இது யாருக்கும் தோணல பாரு. அடிக்குறிப்பு பதினஞ்சு.” கடைப்பக்கம் திரும்பி நின்றாள். “அவரு இனிஷியல் இன்னான்னு கேட்டுக்கினு வரேன்.”

“அதெல்லாம் ஒண்ணும் வேணாம் வா,” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவைப் பார்த்து வேகமாக நடந்தான் அடிக்குறிப்பு பதினாலு.